வணிக ஆங்கிலமும் இரவச்சமும்

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குப் பரிமாற்ற மாணவராக ஒரு பருவம் படிக்க வருவோர் ‘பிசினஸ் இங்கிலீஷ்’ என்ற பாடத்தில் உண்மையில் கற்பது யாது என்பதை நுதலிற்று. பாடத்திட்டக் கையேடுகள் இதற்கு ஒரு விடை வைத்திருக்கின்றன: தொழில்முறைத் தொடர்பு, கூட்டம் நடத்துதல், பேரம் பேசுதல், அறிக்கை எழுதுதல், மின்னஞ்சல். இவ்விடை பொய் என்று யாம் சொல்லவில்லை. கல்யாணப் பந்தியில் இலை எவ்வளவு நீளம் என்பதைச் சொல்லிவிட்டு என்ன பரிமாறினார்கள் என்பதைச் சொல்லாமல் விட்ட கதை அது. எம் கருதுகோள் வருமாறு: இப்பாடத்தில் ஆங்கிலமும் குறைவு, வணிகமும் குறைவு. முன்பின் தெரியாத ஒருவரிடம், அவர் முகம் சுளிக்காதபடி, ஒன்றைக் கேட்டுப் பெறும் கலையே இதன் உள்ளீடு. சுருங்கச் சொன்னால் இரத்தல். ஆங்கிலம் அதற்கு இன்று வாய்த்த வாகனம், அவ்வளவே.

சான்றுகளைப் பழைமையிலிருந்து தொடங்குவது ஆய்வு மரபு. 12ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் போலோனியாவுக்குச் சட்டம் படிக்க ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்தெல்லாம் மாணவர் வந்து குவிந்தனர். அதே காலத்தில் அவ்வூரில் ‘ஆர்ஸ் டிக்டாமினிஸ்’ என்ற கடிதக்கலையும் செழித்தது. 1135ஐ ஒட்டி அங்கே எழுதப்பட்ட, ஆசிரியர் பெயர் தெரியாத ஒரு கையேடு, கடிதத்துக்கு ஐந்து உறுப்புகளை வகுத்தது: வணக்கம், படிப்பவர் மனத்தைக் கனியவைத்தல், செய்தி, விண்ணப்பம், முடிப்பு. இன்றைய வகுப்பில் பயிற்றுவிக்கப்படும் மின்னஞ்சலை இதனருகே வைத்துப் பார்க்கலாம். முதலில் ‘டியர் சார் ஆர் மேடம்’. அடுத்து ‘ஐ ஹோப் திஸ் இமெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்’. ‘நலம், நலமறிய அவா’ எழுதி வளர்ந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இராது. பிறகு நடந்த கதை, பிறகு கேட்க வந்த காரியம், கடைசியில் ‘பெஸ்ட் ரிகார்ட்ஸ்’. ஏறத்தாழ 900 ஆண்டுகளில் வரிசைகூட மாறவில்லை. ஐந்தில் நான்காவதற்கு மட்டுமே வேலை உண்டு. மற்ற நான்கும் அதற்குப் பல்லக்குத் தூக்குபவை. அக்காலத்து மாதிரிக் கடிதத் தொகுப்புகளில் மாணவர் கடிதங்களை ஆராய்ந்த அமெரிக்க வரலாற்றாசிரியர் சார்லஸ் ஹோமர் ஹாஸ்கின்ஸ், அவற்றில் ஓயாமல் திரும்பத் திரும்ப வரும் பொருள் ஒன்றே என்று கண்டார்: ஊரிலிருக்கும் தந்தையிடம் பணம் கேட்பது.

இனி, பெயரே தரும் சான்று. ஐரோப்பாவின் மாணவர் பரிமாற்றத் திட்டம் 1987இல், 11 நாடுகளின் 3,244 மாணவரோடு தொடங்கியது. அதற்கு எராஸ்மஸ் என்று பெயர். ராட்டர்டாமில் பிறந்த டெசிடேரியஸ் எராஸ்மஸ் ஊர் ஊராகச் சென்று கற்றவர், ஆகவே பொருத்தம் என்று அதிகாரிகள் எண்ணியிருக்கக்கூடும். தம்மை அறியாமலே அவர்கள் இன்னும் ஆழமான இடத்தைத் தொட்டுவிட்டார்கள். எராஸ்மஸ் 1499இல் முதன்முதலாக இங்கிலாந்து போனார், 1511 முதல் 1514 வரை கேம்பிரிட்ஜில் கற்பித்தார், எழுதியதெல்லாம் லத்தீன். 1512இல் அவர் வெளியிட்ட சொல்வளக் கையேட்டில், உங்கள் கடிதம் எனக்கு மிக்க மகிழ்ச்சி தந்தது என்ற ஒரே கருத்தை ஏறத்தாழ 150 விதமாக எழுதிக்காட்டினார். அது போதாதென்று, உயிருள்ளவரை உங்களை மறவேன் என்பதை ஏறத்தாழ 200 விதமாக எழுதினார். 1522இல் கடிதம் எழுதும் முறைக்கென்றே தனி நூல் ஒன்றும் தந்தார். கடிதம் கிடைத்த மகிழ்ச்சியை 150 விதமாகச் சொல்லவேண்டிய தேவை ஒருவருக்கு ஏன் வரவேண்டும்? அக்காலத்து அறிஞர் புரவலரை நம்பிப் பிழைத்தவர், அவரும் விலக்கல்லர். மறுபடியும் எழுதிக் கேட்கவேண்டியவர்தான் போன கடிதத்தின் வாசகத்தையே இந்தக் கடிதத்திலும் வைக்கக் கூசுவார்.

இலக்கணச் சான்று இதனினும் வலியது. வள்ளுவர் இரவு என்று ஓர் அதிகாரமும் இரவச்சம் என்று ஓர் அதிகாரமும் அடுத்தடுத்து வைத்தார். வணிக ஆங்கிலம் இரண்டையும் ஒரே வாக்கியத்துக்குள் அடைத்துவிட்டது. ‘ஐ வாஸ் ஒண்டரிங் இஃப் யூ மைட் பாஸிப்ளி’ என்று தொடங்கும் வாக்கியத்தில் பேசுபவர் எதையும் கேட்கவில்லை. கேட்கலாமா என்று முன்னொரு காலத்தில் யோசித்துக்கொண்டிருந்ததை இப்போது தெரிவிக்கிறார். இறந்தகாலத்தில் நடந்த யோசனையை நிகழ்காலத்தில் யாரும் மறுக்க முடியாது. மறுத்தாலும் அடி பழைய ஆளுக்கே விழும். சி. கே. ஆக்டன் 1930இல் 850 சொற்களில் அமைத்த ‘பேசிக் இங்கிலீஷ்’ ஏன் வணிக உலகை வெல்லவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருப்பதாகத் தோன்றுகிறது. ‘பேசிக்’ (BASIC) என்ற சுருக்கப்பெயரின் கடைசி எழுத்தான ‘சி’ ‘கமர்ஷியல்’ என்பதைக் குறிப்பதே. ஆனால் அவர் அனுமதித்த வினைகள் 18 மட்டும். 18 வினைகளை வைத்துக்கொண்டு அறை கொடு என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் யார் கொடுப்பார்?

அஃதேல், இதைச் சொந்த ஊரிலேயே கற்கலாமே, பரிமாற்றம் எதற்கு எனின், அற்றன்று. சொந்த ஊரில் எவரும் இரப்பதில்லை. வலென்சியாவில் ஆனாலும் கிராகோவில் ஆனாலும், காரியம் ஆகவேண்டிய அலுவலகத்தில் மாமாவின் பழைய சிநேகிதர் ஒருவர் இருப்பார். ஒரு தொலைபேசி அழைப்பில் வேலை முடியும். ராட்டர்டாமில் வந்து இறங்கியவருக்கு அங்கே மாமாவும் இல்லை, மாமாவின் சிநேகிதரும் இல்லை. ‘லேர்னிங் அக்ரிமெண்ட்’ என்ற படிப்பு ஒப்பந்தத்தில் மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் என மூவர் கையெழுத்து வேண்டும். வந்தபின் இரண்டு பாடங்கள் ஒரே நேரத்தில் மோதினால் ஒன்றை மாற்றவேண்டும்; மாற்றினால் மூவரும் மீண்டும் ஒப்பவேண்டும். இடையில் அறை தேடல். டச்சுப் பல்கலைக்கழக நகரங்களில் வாடகை அறைக்குள்ள தட்டுப்பாடு உலகறிந்தது. கொரியாவிலிருந்து வந்தவராயின் வசிப்பு அனுமதியும் சேரும். பிறகு வங்கிக் கணக்கு, காலிசெய்யும்போது முன்பணம். அத்தனையும் முகம் தெரியாதவருக்கு எழுதிக் கேட்கவேண்டியவை. காலை வகுப்பில் கற்பனை நிறுவனம் ஒன்றுக்குப் புகார்க் கடிதம் எழுதிப் பழகியவர், மாலையில் வெந்நீர் வராத குழாயைப் பற்றி வீட்டுக்காரருக்கு அதே கடிதத்தை அனுப்புகிறார். ஆய்வுக்கூடமும் களமும் இத்தனை அருகருகே அமைந்த துறை வேறில்லை. சுற்றிவளைக்காமல் பேசுவதில் பெயர்போன டச்சுக்காரர்களின் நாட்டில் இவ்வளவு வளைந்து எழுதக் கற்பிக்கப்படுகிறது என்பதையும் இங்கே குறித்துவைக்கலாம். நான்கு பத்திப் பணிவுக்கு ஒருவரிப் பதில் வரும். பெரும்பாலும் அந்த வரியில் ‘இல்லை’ இருக்கும்.

மறுப்பாளர் விடமாட்டார். விளக்கவுரை, பேரம், கூட்டம் ஆகியனவும் இதே பாடத்தில் உள்ளனவே என்பார். விளக்கவுரை முதலீடு கேட்பது. பேரம் இருவரும் ஒரே நேரத்தில் கேட்பது. கூட்டம், அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்பது. இதில் மேற்கொண்டு வாதம் தேவையில்லை.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடையோர் இதில் இயல்பாகவே வல்லவராயிற்றே என்ற மறுப்பு சற்று மரியாதைக்குரியது. ஆனால் வரலாறு அதற்கு ஆதரவாக இல்லை. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆக்ஸ்ஃபர்டில் தாமஸ் சாம்ப்சன் என்பவர் கடிதம் வரைதல், கணக்கு, பத்திரம் ஆகியவற்றைக் கற்பித்தார். ஆங்கிலேய இளைஞர் அவரிடம் கற்றது பிரெஞ்சு மொழியில். அன்று காரியம் நடந்த மொழி அதுவே. ஆக, வணிக மொழி யாருக்கும் தாய்மொழியாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. நம் காலத்தில் இதை உறுதிசெய்தவர்கள் ஃபின்லாந்து ஆய்வாளர்கள். ஃபின்லாந்து, சுவீடன் நிறுவனங்கள் ஒன்றிணைந்தபோது ஊழியர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட ஆங்கிலத்தை ஆராய்ந்த அவர்கள், அது யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோருக்கும் பொதுவான ஊடகம் என்று 2005இல் எழுதினர். 2020 முடிவோடு பிரிட்டன் எராஸ்மஸ் பரிமாற்றத் திட்டத்திலிருந்து விலகியது. பிரிட்டன் இல்லாத ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆங்கிலத்தை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்டவை அயர்லாந்தும் மால்டாவும் மட்டும். ஆனாலும் வணிக ஆங்கில வகுப்பு எதுவும் அதனால் மூடப்பட்டதாகத் தெரியவில்லை. வீட்டுக்காரர் போனபின்னும் குடியிருப்போர் நிம்மதியாக இருக்கிறார்கள்.

கடைசி மறுப்பு காலத்துக்கேற்றது: செயற்கை நுண்ணறிவு நொடியில் எழுதித் தருமே, கற்பானேன்? இதற்குப் போலோனியா மாணவரே விடை. அவர் கையிலும் மாதிரிக் கடிதக் கட்டு இருந்தது. பெயரையும் தொகையையும் மாற்றிப் படியெடுத்தால் போதும். அப்படியிருந்தும் கடிதக்கலை ஆசிரியர்கள் பட்டினி கிடக்கவில்லை. யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது, எத்தனை நாள் பொறுத்து ‘ஜென்டில் ரிமைண்டர்’ அனுப்புவது ஆகியவை அந்தக் கட்டில் எழுதப்பட்டிருக்கவில்லை. நினைவூட்டலை மறுநாளே அனுப்பினால் ‘ஜென்டில்’ என்ற அடைமொழி எவ்வளவு உழைத்தாலும் காப்பாற்றாது.

இவற்றால் எஞ்சுவது தேர்வு முறை ஒன்றே. நெதர்லாந்தில் ஒரு கிரெடிட் 28 மணி நேர உழைப்புக்குச் சமம். 5 கிரெடிட் பாடமென்றால் 140 மணி நேரம். அவ்வளவையும் செலவிட்டபின் மாணவரைக் கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்வது அநீதி. அறைக்குக் கொடுத்த முன்பணம் பிடித்தமின்றித் திரும்பி வந்ததற்கான வங்கிச் சான்றைக் காட்டியவருக்கே தேர்ச்சி என்று பல்கலைக்கழகப் பேரவைகள் விதி செய்யவேண்டும். அவ்விதி வரும்வரை, இதுகாறும் வழங்கப்பட்ட கிரெடிட்டுகள் அனைத்தும் தற்காலிகமானவை என்றே கொள்ளப்படும்.