வடம் பிடிக்க ஆள் இருக்கு மாப்ள!

வா மாப்ள, இப்படித் திண்ணையில உக்காரு. நாகப்பட்டினத்துல ரெண்டு நாள் பயிற்சி நடத்தப் போறியாமே, உங்கம்மா சொன்னா. போலீசு, தீயணைப்பு, சுகாதாரத்துறை, மின்வாரியம், என்.ஜி.ஓ.க்காரங்க எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சு, புயல் வெள்ளம்னு வந்தா யார் என்ன செய்யணும்னு சொல்லிக் குடுக்கப் போறியாம். ரொம்ப சந்தோஷம். நீ அசந்து தூங்கறப்ப உன் பையில இருந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டிட்டேன், கோவிச்சுக்காதே. அந்தத் தைரியத்துலதான் நாலு யோசனை சொல்றேன்.

மொதல்ல ஃபிளெக்ஸ் அடிச்சிடு. தலைமை விருந்தினர் படம் பெருசா இருக்கட்டும், புயல் படம் ஓரமா சின்னதா இருந்தாப் போதும். குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரைன்னு பதினோரு மணி ஆக்கிடு. டீ, பிஸ்கட் முடிஞ்சதும் விளக்கை அணைச்சுட்டு பவர்பாயிண்டைப் போடு, அதுவும் இங்கிலீசுல. முன்வரிசை போனைப் பாக்கும், பின்வரிசை குறட்டை விடும். சாயங்காலம் சர்ட்டிபிகேட், குரூப் போட்டோ. நாளைக்குப் புயல் வந்தா அந்தப் போட்டோவைத் தூக்கிக் காட்டு. கோடியக்கரையோட அது பயந்து திரும்பிப் போயிடும்.

சிரிக்கிறே. சிரி, சிரி. ஆனா 2004 டிசம்பர் 26 சுனாமியை நெனைச்சா எனக்குச் சிரிப்பு வரமாட்டேங்குது. நம்ம நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல கடல் கொண்டுபோச்சு. அதுக்கப்புறம் உதவிக்கு ஆள் வரலைன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது. எந்தெந்த ஊர்லேருந்தோ வந்து குவிஞ்சாங்க. லாரி லாரியாப் பழைய துணி வந்து ரோட்டோரமெல்லாம் மலையாக் கெடந்துச்சு. முந்தாநாள் வரைக்கும் மானமா உழைச்சுச் சாப்பிட்ட பொம்பளைக, யாரோ கட்டிக் கழிச்ச சேலையை எடுப்பாங்களா? ரோட்டு மேல இருந்த ஊருக்குச் சோத்துப் பொட்டலம் மேல பொட்டலம், உள்ள தள்ளி இருந்த ஊருக்குப் பட்டினி.

அப்பறம் என்ன பண்ணாங்க? 2005 ஜனவரியில என்.ஜி.ஓ.க்களுக்குன்னு ஒரு ஒருங்கிணைப்பு மையம் போட்டாங்க. சிஃப்ஸ்னு மீனவர் சங்கங்களோட கூட்டமைப்பு, சினேகான்னு நம்மூர் அமைப்பு, ரெண்டும் முன்ன நின்னுச்சு. எந்தக் குப்பத்துல யார் வேலை செய்யறாங்க, எந்தக் குப்பத்துக்கு யாருமே போகலைன்னு கணக்கெடுத்து, மாவட்ட நிர்வாகத்தோட கைகோத்து நின்னாங்க. வேலை ஒழுங்குக்கு வந்துச்சு. ஒரு மேசை, நாலு நாற்காலி, ஒரு கணக்கு நோட்டு, அவ்வளவுதான் மாப்ள. அந்த மேசையைக் கடல் வர்றதுக்கு முன்னாடியே போட்டு வைக்கறதுக்குத்தான் உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க.

ஆள் இருந்தும் ஒண்ணு சேராம அல்லாடறது நம்மூர் சீக்குன்னுதான் நான் நெனைச்சிருந்தேன். உன் புத்தகத்தைப் படிச்சா வெள்ளைக்காரனுக்கும் இதே சீக்குதான் இருந்திருக்கு. 1970-ல கலிபோர்னியாவுல காடு பத்திக்கிட்டு 13 நாள் எரிஞ்சிருக்கு. 16 பேர் செத்து, எழுநூறு வீடு கட்டடம் சாம்பலாயிருக்கு. அங்க தண்ணியும் இருந்துச்சு, வண்டியும் இருந்துச்சு. ஆனா ஒரு ஆபீசோட ரேடியோ இன்னொரு ஆபீசுக்குக் கேக்கலை. ஒருத்தர் சொல்ற வார்த்தை இன்னொருத்தருக்குப் புரியலை. யாருக்கு யார் தலைவர்னே தெரியலை. அப்ப பட்ட சூட்டுலதான் ஒரே தலைமை, ஒரே பேச்சுன்னு முறை கட்டுனாங்க. நம்ம தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-ல அதை நம்ம நாட்டுக்குத் தக்கபடி மாத்தி எழுதி வச்சிருக்கு.

அதுல ஒரு கணக்குப் பாத்தேன், எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. ஒரு அதிகாரிக்குக் கீழ அஞ்சு பேர்னா ரொம்பச் சரியாம். நம்மூர்லயும் அந்த அஞ்சு கணக்கு உண்டு மாப்ள. ஒரு வி.ஏ.ஓ. தலைக்கு மேல அஞ்சு அதிகாரி, அஞ்சு பேரும் ஒரே நேரத்துல போன் பண்ணி ஒரே கணக்கை அஞ்சு விதமாக் கேப்பாங்க. அந்த மனுசன் கணக்கை எழுதுவானா, கழுத்தளவு தண்ணியில நிக்கறவனைத் தூக்குவானா?

திருவாரூர்த் தேரைப் பாத்திருக்கேல்ல? வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருப்பாங்க. ஆனா வீதி முனையில தேர் திரும்பறப்ப, முட்டுக்கட்டை போடறவர் சொன்னதுதான் சட்டம். அவருக்கு முன்னால பண்ணையாரும் ஒண்ணுதான், பால்காரனும் ஒண்ணுதான். உன் பயிற்சிக்கு வர்ற பெரிய மனுசங்க எல்லாரும் வடத்தை நல்லாவே பிடிப்பாங்க. கட்டை போடறவர் யாரு, அவர் கையைத் தூக்குனா எல்லாரும் நிக்கறாங்களா, அதைப் பழக்கிவிடு. வடம் பிடிக்கறதுக்குப் பாடம் எடுக்காதே.

கஜா புயல் கதை உனக்கே தெரியும். 2018 நவம்பர் 16, வேதாரண்யம் பக்கம் கரையேறுச்சு. அதுக்கு முன்னாடியே எண்பதாயிரம் பேருக்கு மேல முகாமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கெழவன் குறை மட்டும் சொல்ல மாட்டேன், அது பழகுன வேலை, நல்லாச் செஞ்சாங்க. விடிஞ்ச பிறகுதான் கூத்து. கரண்டுக் கம்பம் லட்சத்துக்கு மேல சாஞ்சு கெடக்கு, செல்போன் செத்துப் போச்சு, ரோடெல்லாம் மரம். நிவாரண லாரியை மெயின்ரோட்டுக்காரங்களே மறிச்சு எறக்கிக்கிட்டாங்க. புயல் வர்ற வரைக்கும் ஒத்திகை பாத்தோம், போன மறுநாளுக்குப் பாக்கலை.

அதனால, மாப்ள, என் யோசனையைக் கேளு. ரெண்டாம் நாள் காலையில வாசல்ல ஒரு கூடையை வச்சு எல்லார் போனையும் அதுல போடச் சொல்லு. டவர் விழுந்துடுச்சுன்னு சொல்லிடு. கலெக்டர் சென்னையில மீட்டிங்ல மாட்டிக்கிட்டார்னு அறிவிச்சுடு. அவருக்கு அடுத்து யாருன்னு கேளு. ரெண்டு பேர் கையைத் தூக்குனா உன் பயிற்சி இன்னும் ஆரம்பிக்கலைன்னு அர்த்தம். யாருமே தூக்கலைன்னா, நீ லீவு போட்டுட்டு வந்துடு. ஒவ்வொரு ஆபீசுலேருந்தும் பெரியவரோட, அவருக்கு அடுத்த நிலையில இருக்கறவரையும் கூப்பிடு. பெரியவருக்கு எப்ப மாற்றல் உத்தரவு வரும்னு அவருக்கே தெரியாது, நீ சொல்லிக் குடுத்த பாடமும் அவரோட லாரி ஏறிப் போயிடும்.

மீனவப் பஞ்சாயத்தார் நாலு பேருக்கு முன்வரிசையில நாற்காலி போடு. 2015-ல சென்னை முங்குனப்பவும், 2018-ல கேரளா முங்குனப்பவும் படகைத் தூக்கிட்டு ஓடுனவங்க மீனவங்கதான். எந்தச் சார்ட்டுலயும் அவங்களுக்குக் கட்டம் இல்லை. ஜேசிபிக்காரர், மரம் அறுக்கற மெஷின் வச்சிருக்கறவர், கல்யாணச் சமையல்காரர், இவங்க போன் நம்பரையும் நோட்டுல குறிச்சுக்கோ. வெள்ளத்துல பசிச்சவனுக்குப் பவர்பாயிண்டைக் கிண்டிப் போட முடியாது.

கடைசியா ஒண்ணு. சர்ட்டிபிகேட்டை மட்டும் ஒத்திகை முடியற வரைக்கும் உன் பையை விட்டு எடுக்காதே. முன்னாடியே குடுத்தேன்னா, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பறம் நீயும் மைக்செட்காரனும்தான் நாகப்பட்டினத்தைக் காப்பாத்தணும்.