வான் பாயும் குளமும் இறகுத் தூண்டிலும்: வன்னிக்கான ஒரு முன்னாய்வு

இலையுதிர்காலத்தில் ஆற்றில் இறங்கி, இறகுத் தூண்டில் வீசி ட்ரவுட் மீன் பிடிக்கும் மேலைக் கலையை வன்னிப் பெருநிலத்தில் கைக்கொள்ள இயலுமா என்பதே இவ்வாய்வின் வினா. எடுத்த எடுப்பிலேயே சில தடைகள் தெரிகின்றன. வன்னியில் இலையுதிர்காலம் இல்லை. ட்ரவுட் இல்லை. இறகுத் தூண்டில் இல்லை. ஆண்டில் பாதி நாள் ஆறும் இல்லை. இதற்கெல்லாம் அஞ்சுபவன் ஆய்வாளன் அல்லன்.

முதலில் காலம். தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாக வகுக்கிறது. கார் உண்டு, கூதிர் உண்டு, பனிக்கே முன்னும் பின்னுமாக இரண்டு உண்டு; இலை உதிர்வதற்கென ஒன்று ஒதுக்கப்படவில்லை. மேலைத் தேசத்தார் இலையுதிர்காலம் என்று சொல்லும் ஒக்டோபரும் நவம்பரும் நமக்கு ஐப்பசி, கார்த்திகை, அதாவது கூதிர். அங்கே மரம் கொட்டும் வேளையில் இங்கே வானம் கொட்டுகிறது. வன்னித் தமிழில் வான் இரண்டு என்பதையும் இவ்விடத்தில் பதிவுசெய்ய வேண்டும்: தலைக்கு மேலே உள்ளது ஒன்று, குளக்கட்டில் மிகுநீர் வெளியேறும் இடம் மற்றொன்று. முதலாவது பொழியாமல் இரண்டாவது பாயாது.

அடுத்து நீர்நிலை. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் தொடங்கி வடக்கே ஓடி, இரணைமடுவில் மறிபட்டு, மிச்சமுள்ளதைச் சுண்டிக்குளக் கடனீரேரியில் விடுகிறது. ஆவணியில் அதைப் பார்த்தவர் ஆறு என்று நம்பமாட்டார், மணல் என்பார். ஆகவே வன்னியில் மீன் என்றால் குளம்தான். 1902இல் கட்டத் தொடங்கி 1920இல் முடிந்த இரணைமடு, பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டு, இன்று 36 அடி நீர் கொள்கிறது. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன் என்று மற்றவையும் உண்டு. கார்த்திகையில் இரண்டு பேர் சந்தித்தால் சுகம் விசாரிப்பதற்கு முன் "குளம் எத்தனை அடி?" என்று கேட்பது இப்பிரதேசத்தின் மரபு.

ட்ரவுட்டைப் பொறுத்தவரை, இலங்கையில் அது இல்லாமல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வெள்ளைக்காரத் துரைமார் தம் ஊர் நினைவில் முட்டைகளைக் கப்பலேற்றி வந்து நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து ஓடைகளில் பொரிக்க வைத்தார்கள். குளிர்ந்த, ஓடுகிற நீர் வேண்டும் அந்த மீனுக்கு. 25 பாகையைத் தாண்டினால் பிழைப்பது அரிது. இரணைமடுவில் விட்டால் பிடிப்பதற்கு முன் அவிந்துவிடும். நம் குளங்களுக்கு 1952இல் இலங்கைக்கு வந்த திலாப்பியாவும், அதற்கு முன்பே இங்கு குடியிருந்த விராலும் கெழுத்தியும் போதும் என்பது ஆய்வாளரின் துணிபு.

இனி மையப்பொருளான இறகுத் தூண்டில். இரண்டாயிரம் ஆண்டை நெருங்கும் பழைமை இதற்கு உண்டு. மக்கெதோனிய ஆறொன்றில் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் கட்டிய தூண்டிலால் மீன் பிடித்ததை ஏலியன் என்ற உரோமர் எழுதி வைத்திருக்கிறார். 1653இல் ஐசக் வோல்ற்றன் இதைப் பற்றியெல்லாம் பேசும் முழுப் புத்தகமே போட்டார். சூத்திரம் எளிது: தூண்டில் முள்ளில் இறகையும் மயிரையும் கட்டி ஓர் ஈயைப் போலச் செய்ய வேண்டும். அதற்குப் பாரம் இல்லாததால் நூலையே பாரமாக்கி, சாட்டையைப் போல முன்னும் பின்னும் சுழற்றி நீரில் விட வேண்டும். மீன் அதை ஈ என்று நம்பிக் கவ்வும். சுருங்கச் சொன்னால், மீனிடம் பொய் சொல்லும் கலை.

வன்னித் தூண்டில்காரர் இந்த இடத்தில் அடிப்படையிலேயே வேறுபடுகிறார். மூங்கில் தடி, தங்கூசி, முள், சிறு ஈயத்துண்டு. முள்ளில் மண்புழு என்றால் மண்புழுதான். பாண் என்றால் பாண்தான். சிலர் கோதுமை மாவைக் குழைத்து உருட்டுவார்கள், அதுவும் வீட்டில் றொட்டிக்கு வைத்திருந்த அதே மா. அவரும் இறகு வைத்திருக்கிறார், மறுப்பதற்கில்லை: மயிலிறகின் தண்டை நறுக்கித் தக்கையாகக் கட்டுகிறார். ஆனால் அது ஏமாற்ற அல்ல, மீன் கொத்துகிறதா என்று பார்க்க. (அதே மயிலிறகின் இழைகளைத்தான் வெள்ளைக்காரர் போலி ஈயின் உடம்புக்குச் சுற்றுகிறார்கள். ஒரே பறவை, இரண்டு ஒழுக்கங்கள்.) முதல் மழைக்கு ஈசல் கிளம்பி விளக்கடியில் கொட்டும் இரவில், போலி ஈக்கு என்ன தேவை? நிசமானதையே சிரட்டையில் அள்ளலாம்.

வள்ளுவர் சூது அதிகாரத்தின் முதற்குறளில் தூண்டிலை உவமையாக்கி, சூதாடியின் வெற்றியை மீன் இரையென்று விழுங்கிய முள்ளோடு ஒப்பிடுகிறார். உரையாசிரியர்கள் மீனின் பக்கமே நின்றுவிட்டார்கள். காலை ஆறு மணி தொடக்கம் பத்து மணிவரை, "இன்னும் ஒருக்கா" என்று குளக்கட்டில் குந்தியிருப்பவரையும் அவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

இடப்பெயர்வுக் காலத்தில் தூண்டில் எடுத்தவர்கள் பொழுதுபோக்குக்காக எடுக்கவில்லை. அவர்கள் இவ்வாய்வின் எல்லைக்குள் வரமாட்டார்கள்.

கள ஆய்வு கனகாம்பிகைக் குளம் வான் பாய்ந்த ஒரு கார்த்திகையில் நடந்தது. நோர்வேயிலிருந்து வந்திருந்த மச்சான் உரிய கருவிகளோடு வந்தார்: மடித்து உறையில் போட்ட தடி, பெட்டி நிறையப் போலி ஈக்கள், இடுப்புவரை ஏறும் றப்பர் காற்சட்டை. அந்தக் காற்சட்டை பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. அங்கே ஆற்றுக்குள் இறங்கி நிற்பதுதான் அழகாம். இங்கே குளத்துக்குள் இறங்கி நின்றால் முதலைக்கு அழகு. வானுக்குக் கீழே நீர் வெள்ளை வெள்ளையாகப் புரண்டது. ஓட்டத்துக்கு எதிரே ஏறிய மீன்களைப் பொடியன்கள் கொசுவலையை விரித்து அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

மச்சான் முதல் வீச்சைப் பின்னுக்கு இழுத்தார். போலி ஈ மருதமரத்துக் கொப்பில் குடியேறியது. இரண்டாவது வீச்சு எனது சாரத்தில். மூன்றாவது ஒழுங்காக நீரில் விழுந்தது. அதைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அரை மணி நேரம் ஒன்றும் கொத்தவில்லை. பக்கத்தில் குந்தியிருந்த ஐயா ஒருவர், புழு குத்திய தூண்டிலில் நான்காவது திலாப்பியாவைத் தூக்கிப் பையில் போட்டுவிட்டு, மச்சானின் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, உது ஈயோ?"

"ஓம் ஐயா. மீனுக்கு ஈ மாதிரித் தெரியும்."

"மீனுக்குத் தெரியும் தம்பி," என்றார் ஐயா.

பிடித்த மீனைத் திரும்ப நீரில் விடுவதே தங்கள் வழக்கம் என்று மச்சான் விளக்கியபோது, அவர் பதிலே சொல்லவில்லை. தன் பையை மட்டும் மறுபக்கம் தள்ளி வைத்தார்.

இதிலிருந்து பெறப்படும் முடிவு: வன்னித் தூண்டில்காரர் மீனிடம் பொய் சொல்வதில்லை. ஆனால் மனிதனுக்கென்று உள்ள பொய் எங்காவது வெளிவந்தே தீரும். அது ஏ9 வீதியில் வெளிவருகிறது. இரணைமடுச் சந்தியில் ஒரு சாணாக இருந்த மீன், கிளிநொச்சிப் பட்டினத்தில் ஒன்றரைச் சாண், கரடிப்போக்கில் ஒரு முழம், பரந்தனில் தப்பிப் போன மீனாகவே ஆகிவிடுகிறது. தப்பிய மீனுக்கு அளவு இல்லை. வோல்ற்றனின் நாட்டிலும் இதுவே நிலை என்பது மச்சானின் வாக்குமூலம்.

ஆய்வு நேர்மையைக் காக்கும் பொருட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று மாலை எங்கள் வீட்டில் காய்ச்சிய மீன்குழம்பு பற்றி மச்சான் நோர்வேயில் என்ன சொல்லியிருந்தாலும், அது குளக்கரையில் வலைக்காரரிடம் காசு கொடுத்து வாங்கியது. இரண்டு கிலோ. வெட்டியும் தந்தார்கள்.