துரோகித் திராட்சை

1395-ஆம் ஆண்டு ஜூலை 31. பிரான்ஸின் கிழக்கே பர்கண்டியின் மலைச்சரிவுகளில் திராட்சை கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. இன்னும் சில வாரம் வெயில் காய்ந்தால் அறுவடை. அந்த நேரம் பார்த்துக் கோமகன் பிலிப் ஓர் ஆணை போட்டார். கமே என்கிற திராட்சைக்கொடி படுமோசமானது, துரோகி, அதற்கு என் மண்ணில் இடமில்லை. ஒரு மாதத்துக்குள் வெட்டிச் சாய்க்க வேண்டும். அடுத்த ஈஸ்டருக்குள் வேரையும் தோண்டி எடுத்துவிட வேண்டும்.

மந்திரி, தளபதி, மச்சினன் என்று எத்தனையோ பேர் சரித்திரத்தில் துரோகிப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். ஒரு செடி வாங்கியது அபூர்வம். குற்றச்சாட்டு என்னவென்றால், அதன் ஒயினில் கொடிய கசப்பு. குடித்தவர்களுக்குச் சீக்கு வருகிறது. புகார் கொடுத்தவர், விசாரித்தவர், தீர்ப்பு சொன்னவர் மூவரும் ஒரே ஆள். எதிரிக்கு வாய் கிடையாது. இருந்திருந்தால் தன் அப்பன் யார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கும், கோமகன் மயக்கம் போட்டு விழுந்திருப்பார். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் கோமகனின் ஜாதகம். பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஜானின் கடைக்குட்டி மகன். 1356-இல் புவாத்தியே போர்க்களத்தில், பதினான்கு வயதில், அப்பாவின் பக்கத்திலேயே நின்று, வலப்பக்கம் பாருங்கள், இடப்பக்கம் பாருங்கள் என்று எச்சரித்துக்கொண்டே இருந்தாராம். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவையும் பிள்ளையையும் ஆங்கிலேயர்கள் சேர்த்தே பிடித்துக்கொண்டு போனார்கள். ஆனாலும் 'துணிச்சல்காரர்' என்ற பட்டம் பையனுக்கு ஒட்டிக்கொண்டது. அப்பா மனம் குளிர்ந்து 1363-இல் பர்கண்டியையே தூக்கிக் கொடுத்தார். 1369-இல் ஃபிளாண்டர்ஸ் சீமையின் வாரிசான மார்கரெட்டைக் கல்யாணம் செய்துகொண்டார். 1384-இல் மாமனார் கண்ணை மூட, புரூஜ், கென்ட் என்று துணி வியாபாரத்தில் கொழித்த ஊர்கள் வீடு தேடி வந்தன. அந்த ஊர்ச் சேட்டுகளுக்கு நல்ல ஒயின் வேண்டும். கையில் காசும் இருந்தது.

பர்கண்டியின் போன் என்னும் ஊர் ஒயினுக்கு அப்போது இருந்த மவுசு சாதாரணமானதல்ல. போப்பாண்டவர்கள் ரோமை விட்டுவிட்டு அவிஞ்ஞோனில் குடியிருந்த காலம் அது. கார்டினல்கள் ரோமுக்குத் திரும்ப மறுப்பதற்குப் போன் ஒயின்தான் காரணம் என்று கவிஞர் பெட்ரார்க் கடிதம் எழுதிப் பொருமினார். திருச்சபையின் தலைமையகம் எந்த ஊரில் இருப்பது என்பதிலேயே மூக்கை நுழைக்கும் சரக்கு என்றால் விலை என்ன இருக்கும்!

அந்தச் சரக்கின் பெருமைக்குரிய திராட்சை பினோ நுவார். தோல் மெல்லியது, கொத்து சிறியது, பழங்கள் ஒன்றோடொன்று நெருக்கி அடைந்திருக்கும். மழை பெய்தால் அழுகும், காய்ப்போ கொஞ்சம்தான். இந்த நோஞ்சான் பிள்ளைக்கு வாய்த்த தொட்டில் பர்கண்டிச் சரிவு. டைனோசர் காலத்துக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல், இடையிடையே சுண்ணாம்புக் களிமண். கிழக்கே பார்த்த சரிவு, அதனால் காலை வெயில் முழுக்கக் கிடைக்கும். தண்ணீர் தேங்காது. குளிர்ப் பிரதேசமாதலால் பழம் நிதானமாகப் பழுக்கும். செர்ரி, காளான், மழை பெய்த காட்டுத்தரை என்று அதன் ஒயினில் மோந்து சொல்கிறவர்கள் எல்லாம் அந்த நிதானத்தைத்தான் மோந்து பார்க்கிறார்கள். இதே கொடியை வெப்பமான சமவெளியில் நட்டால் அவசரமாகப் பழுத்து ஜாம் வாசனை அடிக்கும்.

சரி, கமே எப்படி உள்ளே வந்தது? 1348-இல் கொள்ளைநோய் வந்து பாதி ஜனத்தைச் சுருட்டிக்கொண்டு போனது. வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. பினோவுக்குக் குழந்தைபோல் பணிவிடை செய்ய எவன் இருக்கிறான்? கமே முன்னதாகவே பழுக்கும், வாரி வழங்கும். சம்சாரி கணக்குப் போட்டான், கமே நட்டான். மாட்டுச்சாணம், ஆட்டுப்புழுக்கை, குதிரைச்சாணம் எல்லாம் கொட்டினான். இயல்பாகவே காய்ப்பில் கைமீறிய கொடிக்குக் கொழுத்த மண்ணும் எருவும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? தாங்க முடியாத அளவுக்குக் கொத்து பிடித்தது. விருந்துக்கு ஆள் கூடக்கூட ரசத்தில் தண்ணீர் சேர்க்கிற கதைதான்: இருக்கிற சர்க்கரையும் மணமும் அத்தனை பழத்துக்கும் பங்காகி, ஒயின் நீர்த்துப் புளித்தது. அது போன் பெயரில் புரூஜுக்குப் போனால் என்ன ஆகும்?

கோமகனின் நாக்கைக் குறை சொல்ல முடியாது. அந்த ஒயின் மட்டமாகத்தான் இருந்திருக்கும். ஆணையில் எருவுக்கும் தடை போட்டார்; அந்த ஒரு வரி மட்டும் அசல் விவசாய ஞானம். ஆனால் நிலமும் எருவும் பேராசையும் கூட்டாகச் செய்த தப்புக்குத் தூக்கில் தொங்கியது கொடி. அதுவும் அறுவடைக்கு முந்தைய மாதத்தில். ராஜவிசுவாசம் என்றால் என்னவென்று தெரியாத டிஜோன் நகரசபை, இது எங்கள் உரிமையில் கைவைப்பது என்று கொடி பிடித்தது. கமேயை நம்பியிருந்த சிறு விவசாயிகள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்கள்.

துரோகியை ஒழித்த கையோடு அடுத்த வருஷம், 1396-இல், மகன் ஜானைத் துருக்கியருக்கு எதிரான சிலுவைப் போருக்கு அனுப்பினார் பிலிப். நிக்கோபோலிஸில் சுல்தான் பயசித்திடம் பிள்ளை மாட்டிக்கொண்டான். பணயத்தொகை 2,00,000 தங்கக் காசு. எதிரியிடம் பிடிபடுவது அந்தக் குடும்பத்தில் பரம்பரைப் பழக்கம் போலிருக்கிறது. 1404-இல் கோமகன் காலமானபோது கடன் மலையாக நின்றது. மார்கரெட் அம்மாள் தன் இடுப்புக் கச்சையையும் பணப்பையையும் சாவிக்கொத்தையும் கழற்றிச் சவப்பெட்டியின் மேல் வைத்தார். சோகத்தில் அல்ல. 'இவர் சொத்தும் வேண்டாம், கடனும் என் தலையில் வேண்டாம்' என்று கைகழுவும் சட்டப்படியான சடங்கு அது. ஒயினுக்கு நாணயம் தேடியவரின் கடைசிக் கணக்கு இப்படி முடிந்தது.

கமே ஒழிந்ததா? பேரன் 'நல்லவர்' பிலிப் 1441-இல் மறுபடி தடை போட வேண்டியிருந்தது. முதல் தடையை எவ்வளவு பேர் மதித்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டிலும் கோமகனின் சொந்தச் சரிவுப் பிரதேசத்தில் பினோவைவிடக் கமேதான் அதிக நிலத்தில் நின்றது.

அதன் உண்மையான ராஜ்ஜியம் தெற்கே போஜொலே. அது பிலிப்பின் கைக்கு எட்டாத சீமை. போஜு பிரபுக்களிடம் இருந்து 1400-இல் பூர்போன் வம்சத்துக்குப் போனது. அதன் வடபாதியில் சுண்ணாம்பு கிடையாது, கருங்கல். ஃப்ளூரி ஊர்ப் பக்கம் இளஞ்சிவப்புக் கருங்கல் நைந்து கிடக்கும். ஒரு கை அள்ளிப் பிசைந்தால் மணலாக உதிரும். சத்து இல்லை, நீர் நிற்காது, அமிலத்தன்மை அதிகம். பந்தல் கம்பி எதுவும் இல்லாமல் முழங்கால் உயரத்தில் கிண்ணம்போல் கிளை விரித்து நிற்கும் பழைய கொடிகளுக்கு அங்கே பத்தியச் சாப்பாடுதான். அந்தப் பட்டினிதான் கமேக்கு மருந்து. காய்ப்பு அடங்கியது, மணம் திரண்டது. ஃப்ளூரியில் பூவாசம், பக்கத்து ஊர் மோர்கோனில் கரும் பாறை மண்ணால் கனம், மாங்கனீசு கலந்த மூலான்-ஆ-வான் மண்ணில் பத்து வருஷம் தாங்கும் திடம். ஒரே திராட்சை, நடக்கிற தூரத்தில் மூன்று குணம். வயதான மூலான்-ஆ-வானை லேபிளை மறைத்துக் கொடுத்தால் பழுத்த ஒயின்காரர்களே பினோ என்று சத்தியம் செய்வதுண்டு. நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை உலகமெல்லாம் அவசர அவசரமாகக் குடித்துத் தீர்க்கும் புது போஜொலேயை மட்டும் வைத்துக் கமேயை எடைபோடுகிறவர்கள் கோமகனின் வாரிசுகள்.

பினோ என்று ஏமாந்தவர்கள் அவ்வளவாக ஏமாறவும் இல்லை. 1999-இல் கலிபோர்னியா, மான்பெலியே விஞ்ஞானிகள் திராட்சைகளின் டிஎன்ஏவைப் பரிசோதித்துக் குடும்ப ரகசியத்தைப் போட்டு உடைத்தார்கள். கமே, பினோவின் சொந்தப் பிள்ளை. பெற்றோரில் மற்றவர் குவே பிளாங் என்கிற வெள்ளைத் திராட்சை. குடியானவன் நிலத்தில் வளர்ந்து, சீமான்கள் காறித் துப்பிய, பல இடங்களில் தானும் தடை வாங்கிய ஜாதி. பின்னால் வந்த ஆய்வில் குவேதான் தாய் என்றும் தெரிந்தது. ஒரு பிள்ளையோடு நின்றிருந்தால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடலாம். கணக்கில் வந்த வாரிசுகள் பதினாறு! அதில் ஒன்று ஷார்டொனே. பர்கண்டியின் வெள்ளை ஒயினுக்கு இன்றைக்கும் அதுதான் மகாராணி. அதே அப்பன், அதே அம்மா. ஒருத்திக்கு அரண்மனை, கூடப் பிறந்தவனுக்கு நாடு கடத்தல்.

பர்கண்டியில் இன்று பாஸ்-டூ-கிரேன் என்றொரு மலிவு ஒயின் கிடைக்கிறது. பினோவையும் கமேயையும் சேர்த்துச் செய்வது. அப்பனும் பிள்ளையும் ஒரே தொட்டியில். அதற்கும் சட்டம் இருக்கிறது: பினோவின் பங்கு இவ்வளவுக்குக் கீழே குறையக் கூடாதாம்.