உள்ளுக்குள்ள என்ன தம்பி?

எரிவாயுக் குழாய்களில் உட்பக்க அரிப்பை அளப்பதுதான் எனக்குச் சோறு போட்ட வேலை. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். நான் அளந்த லட்சணத்துக்கு அவர்கள் பெயர் கெட வேண்டாம்.

2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் பந்தலில் மக்கள் திரண்டிருந்த நேரம். லீவில் ஆலங்குடி வந்தவனை, "நம்ம பய பைப்லைன் இன்ஜினியரு" என்று சித்தப்பா டீக்கடையில் நிறுத்திவிட்டார். குழாய் துருப்பிடிக்காதா என்றார்கள். மேற்பூச்சு, கேத்தோடிக் புரொடெக்‌ஷன் என்று வெளுத்து வாங்கினேன். பலாப்பழம் லோடு ஏற்றும் பெரியவர் ஒருவர், "அதெல்லாம் மண்ணுப் பக்கத்துக்கு. உள்ளுக்குள்ள என்ன தம்பி?" என்றார். டீ ஆறிவிடுமே என்று எனக்கு அப்போதுதான் கவலை வந்தது.

பதில் தெரியாமல் இல்லை. கிணற்றிலிருந்து வாயு ஈரத்தோடுதான் வரும். அந்தத் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு கரைந்தால் கார்பானிக் அமிலம். குழாய் தாழ்ந்து போகும் இடங்களில் அது தேங்கி இரும்பைத் தின்னும். 2014 ஜூன் 27 அதிகாலை ஆந்திராவின் நகரம் என்ற கிராமத்தில் வெடித்து 20 பேருக்கு மேல் பலிவாங்கிய குழாய், உலர்ந்த வாயுவுக்கென்று போட்டது. அதில் போனது ஈர வாயு.

இந்த உள் அரிப்பைக் கண்காணிக்கக் கூப்பன் என்று ஒன்று உண்டு. எடை போட்ட சிறு இரும்புத் தகடு. குழாய்க்குள் செருகி, சில மாதம் கழித்து எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி எடை போட்டால், போன இரும்பு எவ்வளவு என்று தெரியும். குழந்தைகூடச் செய்யலாம். நான் வெறுங்கையால் தொட்டு, குழாய்க்கு முன்னால் என் வியர்வையையே அதைத் தின்ன விட்டேன். தண்ணீர் ஓடுவது குழாயின் அடியில். குழிக்குள் இறங்கச் சோம்பல்பட்டு நான் செருகியது மேல்பக்கம், அதுவும் வாயுவுக்கு நடுவே. தகடு புதுசு மாதிரி வெளியே வந்தது. மீட்டிங்கில் பாராட்டினார்கள், நானும் அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன். வேறொரு தகட்டில் ஒட்டிய கறுப்புப் படிவைச் சோதனைக்கு அனுப்பினால்தான் அரிப்பில் பாக்டீரியாவின் கைவரிசை உண்டா என்று தெரியும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கியதில் எனக்குத் தனிப் பெருமை.

ஒருமுறை அடியில் வைத்த தகட்டில் கடுகளவு குழி. எடைக் கணக்கில் அது தகடு முழுக்கப் பரவி ஒன்றுமில்லாமல் போயிற்று. "திருப்திகரம்" என்று எழுதினேன். குழாய் சராசரியாகவா ஓட்டையாகும்? குழியின் ஆழம் என்ன என்று மேலதிகாரி கேட்டார். மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருக்க வேண்டும். தகடோ என் மேசையில் பேப்பர் வெயிட்டாகக் கிடந்தது, ஏ.சி. சொட்டும் இடத்துக்கு நேர் கீழே. குழாய் போட்ட குழி எது, ஏ.சி. போட்டது எது என்று இருவரும் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.