தட்டுவது யார்?

கேள்வி: காலையில் காரை ஸ்டார்ட் செய்தால் உள்ளே யாரோ ‘டக் டக்’ என்று தட்டுகிறார்களே, யார் அது? (வாசகர், திருப்பாலைவனம்)

பதில்: எஞ்சின் ஓடுமுன் தட்டுகிறதா, ஓடிய பின்பா? எஞ்சின் சுழலாமல் ஓசை மட்டும் எழுந்தால், தட்டுவது பெரும்பாலும் மின்சாரம் போதாமல் துடிக்கும் சாலினாய்டு, அதாவது ஸ்டார்ட்டர் மோட்டாருடன் பேட்டரியை இணைக்கும் காந்த சுவிட்ச். உங்கள் ஊர்ப் பக்கத்துப் பழவேற்காட்டு உப்புக்காற்று விரைவுபடுத்தும் அரிப்பால் பேட்டரி முனைகளில் பூக்கும் பச்சை வெள்ளைப் பொடியை, மைனஸ் ஒயரை முதலில் கழற்றிவிட்டு, வெந்நீரால் கழுவித் துடைத்து, முனைகளை இறுக்கி வாசலின் பூசினால் பல வண்டிகளில் ஓசை அடங்கிவிடும். ஓடத் தொடங்கியதும் சில நொடி தட்டி ஓய்ந்தால், இரவில் அடியில் வடிந்த ஆயில் மேலே ஏறும் வரை வால்வுப் பாகங்கள் வறண்டு மோதுகின்றன என்று பொருள். ஓசை ஓயாமல் சிவப்பு ஆயில் விளக்கும் எரிந்தால், எஞ்சினை அக்கணமே நிறுத்திவிட வேண்டும். பொன்னேரி மெக்கானிக்கிடம் வண்டியைக் கட்டி இழுத்துத்தான் செல்ல வேண்டும், ஓட்டிச் செல்லக் கூடாது.