முட்டு மாத்தப் போற வீட்டுப் பிள்ளைக்கு

ஏலே, உங்கம்மா கையில ஒரு கடியாரம் கட்டிவிட்டுருக்கியே, அந்தச் சவத்தை மொதல்ல கழட்டு. அடி எண்ணுதாமே அது! கக்கூசுக்குப் போகவே செவுத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போறவகிட்ட, 'இன்னும் 9,400 அடி பாக்கி'ன்னு ராத்திரி எட்டு மணிக்கு லைட்டு போட்டுக் காட்டுது. அவ என்ன, திருச்செந்தூருக்குப் பாதயாத்திரையா கெளம்பிருக்கா?

10,000 அடின்னு முடிவு பண்ணது யாருன்னு நெனைக்கே? டாக்டர்மாரு கூடிப் பேசியா? 1965-ல ஜப்பான்ல ஒரு கம்பெனி, இடுப்புல மாட்டி அடி எண்ணுத கருவி ஒண்ணை விக்க ஆரம்பிச்சுது. முழு எண்ணா இருக்கட்டும்னு 10,000-த்தைப் பேருலயே கோத்துவிட்டுட்டாவ. யாவாரத்துக்கு வச்ச பேரு. அது கடல் தாண்டி வந்து பாளையங்கோட்டையில உக்காந்து உங்கம்மாவை அதட்டுது. நீயும் கூடச் சேந்து அதட்டுத.

டாக்டரு என்ன சொன்னாரு? 'முட்டு தேஞ்சுபோச்சு, மாத்திரலாம். அதுக்குள்ள ஒரு 10 கிலோ குறைச்சுட்டு வாங்க.' அம்புட்டுத்தான? நீ நேரா வீட்டுக்கு வந்தியா? கடைக்குப் போன. ஓட்ஸு, சியா விதை, பச்சைத் தேயிலை, ஆப்பிள் காடி, வாய் பேசுத எடை மெஷினு ஒண்ணு. எடை குறையணும்னா சாமான் வாங்கணும்னு உனக்கு யாருலே சொல்லிக்குடுத்தா?

பொறவு சிறுதானியம். கம்பு தோசை, வரகுப் பொங்கல், சாமைப் பாயாசம். நல்ல சாமான்தான், நான் இல்லங்கல. நாங்க அதைத் தின்னுதான் கம்மாய் வெட்டுனோம். ஆனா 100 கிராம் அரிசியில ஏறக்குறைய 350 கலோரி இருக்குன்னா, 100 கிராம் கம்புலயும் கிட்டத்தட்ட அம்புட்டுத்தான் இருக்கு. கொஞ்சம் நாரு கூட, அதனால பசி தாங்கும். அதுக்காக 'கம்புதான, ஒண்ணும் செய்யாது'ன்னு ஆறு தோசையை உள்ள தள்ளுனா? ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொன்னவன் வயித்துல போடுததை அளக்க வேண்டாம்னா சொல்லிருப்பான்?

நடந்தா குறையும், நடந்தா குறையும்னு வீட்டுக்கு வந்த விருந்தாளியெல்லாம் சொல்லிட்டுப் போறான். வண்டியில வந்தவன்தான் சொல்லுதான், அதையும் கவனிச்சுக்கோ. உங்கம்மா பாரத்துக்கு ஒரு மைல் நடந்தா கரையிறது 100 கலோரி சொச்சம். ஒரு உளுந்தவடை அம்புட்டு இருக்கும். முட்டு தேஞ்சவளுக்கு ஒரு மைல் நடக்கது லேசா, ஒரு வடையை வேண்டாங்கது லேசா? நீயே சொல்லு. நடக்கது நல்லதுதான், இருதயத்துக்கு, சர்க்கரைக்கு, மனசுக்கு எல்லாத்துக்கும். எடை இறங்குத வழி மட்டும் காலு வழியா இல்ல, அடுப்படி வழியா.

அந்த அடுப்படிக்கு நீ என்னைக்காவது போயிருக்கியா?

நான் சொல்லுதேன் கேளு. உங்கம்மா எத்தனை மணிக்குச் சாப்பிடுதா? உங்க எல்லாரையும் அனுப்பிட்டு, பதினொரு மணிக்கு, தனியா. என்ன சாப்பிடுதா? நீ கடிச்சு வச்ச தோசை. உன் மக தொடாத பூரி. ராத்திரி மிஞ்சுன சோறு. 'கொட்ட மனசு வரல'ன்னு வயித்துல கொட்டுதா. உங்க வீட்டுக் குப்பைத்தொட்டி ரெண்டு, ஒண்ணு வாசல்ல இருக்கு, ஒண்ணுக்கு முட்டு வலி. நீ எந்த ஆப்பைத் தேடி எறக்குனாலும் இந்தக் கணக்கு அதுல ஏறாது. ஏன்னா அவளே இதைச் சாப்பாடுன்னு கணக்கு வைக்கல.

அதனால மொத வேலை உனக்குத்தான். வச்சதை முழுசா தின்னு, இல்லன்னா கம்மியா வாங்கு. மாவைக் கம்மியா ஆட்டு. நிண்ணு தோசை சுடுத வேலையை நீ செய்யி, அவளை ஒம்போது மணிக்கே நாற்காலியில உக்கார வச்சுத் தட்டைக் குடு. எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்துல ஒரு சின்ன அளவுக் கரண்டி வையி. 15 மில்லி எண்ணெய்னா 120 கலோரி பக்கம் வருது, அது ரெண்டு இட்லிக்கும் மேல. இட்லியை எண்ணுதவ எவளும் மொளகாப்பொடிக்கு ஊத்துத நல்லெண்ணெயை எண்ணுததில்ல. காப்பி நாலு தடவை, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு கரண்டி சீனி. அதை ஒரேயடியா நிறுத்தாத, சண்டை வரும். ஒண்ணரையாக்கு, பொறவு ஒண்ணாக்கு. நாக்கு மறந்துரும்.

இதுக்குன்னு பட்டினி போட்டுராத, தெரியுதா? 'ஒரு நேரம் கஞ்சி, ஒரு நேரம் வெறுந்தண்ணி'ன்னு கெளம்புதாவ சில பேரு. அதுல கரையிறது கொழுப்பு மட்டும் இல்ல, சதையும் கூடச் சேந்து போயிரும். ஆப்பரேசன் பண்ணப் போற உடம்புக்குப் புண்ணு ஆறணும், சதை வேணும். முட்டை, மீன், பாசிப்பயறு, கொண்டக்கடலைச் சுண்டல், மோரு, இதெல்லாம் தட்டுல இருக்கட்டும். குறைக்கணும்னா சோத்துல கையை வையி, பயறுல வைக்காத. வாரத்துக்கு அரைக் கிலோ எறங்குனா அதுவே பெருசு.

அரைக் கிலோதானான்னு மூஞ்சியைச் சுளிக்காத. அமெரிக்காவுல 2005-ல ஒரு ஆராய்ச்சி வந்துது. முட்டு தேஞ்சவுகளை நடக்க விட்டு அளந்தாவ. உடம்புல ஒரு கிலோ குறைஞ்சா, எடுத்து வைக்க ஒவ்வொரு அடிக்கும் முட்டுல நாலு கிலோ பாரம் குறையுதாம். உங்கம்மா 5 கிலோ குறைச்சா அடிக்கு 20 கிலோ. வீட்டுக்குள்ளயே 1,000 அடி நடந்தான்னு வையி, ஒரு நாளைக்கு 20 டன்னு. ரெண்டு லாரி பாரத்தை ரெண்டு முட்டும் சேந்து சுமக்காம விட்டுருக்கு. இதைச் சொல்லுதா உன் பேசுத மெஷினு?

சரி, வலிக்கு வருவோம். நீ என்ன நெனைக்க, அவ சோம்பேறின்னா? 'வலியெல்லாம் மனசுலதாம்மா'ன்னு போனவாரம் சொன்னியே, அதை நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு நாளு உன் முட்டுக்குள்ள ஒரு கல்லை வச்சுக் கட்டிட்டு மாடிப்படி ஏறிட்டு வா, மனசைப் பத்திப் பொறவு பேசலாம். வருசக்கணக்கா வலிக்கவளுக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. தூக்கம் கெட்டா மறுநா பசி கூடும், இனிப்புத் தேடும். மனசு சோந்தாலும் வாய் எதையாவது தேடும். இதுல சில மருந்தும் சேந்துக்கிடும். நரம்பு வலிக்குன்னு குடுக்க பிரிகாபலின் சில பேருக்கு எடையைக் கூட்டும். ஸ்டீராய்டு மாத்திரை பசியையும் கூட்டும், சர்க்கரையையும் கூட்டும். பேரில்லாத பொட்டலத்துல 'மூட்டுப் பொடி'ன்னு குடுக்கானே ஒருத்தன், அதுல என்ன கலந்துருக்குன்னு அவனுக்கும் தெரியாது. அதைத் தூக்கி வெளிய போடு. வலி மாத்திரையையும் நீயா வாங்கிக் கொட்டாத, வயித்தையும் கிட்னியையும் ஒருசேரப் பதம் பாத்துரும்.

அதுக்காக வலி நின்ன பொறவு எதையும் செய்யலாம்னு இருந்தா? அலை ஓஞ்ச பொறவா கடல்ல குளிப்ப? டாக்டரு எழுதிக்குடுத்த மாத்திரை வேலை செய்யுத நேரம்னு ஒண்ணு இருக்கு. வலி கொஞ்சம் அடங்குத அந்த நேரத்தைப் பாத்துக்கோ. அப்ப நாற்காலியில உக்கார வையி. ஒரு காலை நேரா நீட்டச் சொல்லு, அஞ்சு எண்ணு, பைய இறக்கச் சொல்லு. பத்து தடவை. பொறவு கட்டில்ல காலை நீட்டிவச்சு, முட்டுக்கு அடியில ஒரு துண்டைச் சுருட்டி வச்சு, அதை அமுக்கச் சொல்லு. காத்துக்கு வாழை சாயாம இருக்க முட்டுக் குடுக்கோம்லா, தொடையில முன்பக்கம் இருக்க சதை முட்டுக்கு அந்த மாதிரி. ஆப்பரேசனுக்கு முந்தியே அதைத் தேத்தி வச்சுட்டா பின்னால எந்திரிக்கது சுளுவு. செஞ்ச வலி மறுநா காலையிலக்குள்ள அடங்குனா சரி. வீங்குனா, மறுநா பாதி செய்யி.

தண்ணி கிடைச்சா இன்னும் விசேசம். இடுப்பளவு தண்ணியில நின்னா பாதி எடையைத் தண்ணி வாங்கிக்கிடும். பணக்காரன் நீச்சல் குளத்துக்குப் போவான். நமக்குத் தாமிரவருணி இருக்கு. ஆனா பாசி பிடிச்ச படித்துறையில அவளைத் தனியா விட்டன்னா ஆப்பரேசன் முட்டுக்கு இல்ல, இடுப்புக்கு ஆயிரும்.

இன்னொண்ணு. கம்பை எந்தக் கையில பிடிக்கா? வலிக்க காலு பக்கமா? மாத்தச் சொல்லு. வலது முட்டு வலிச்சா இடது கையில கம்பு. ஊருல பாதிப் பேரு தப்பாத்தான் பிடிக்கான். அதுல வாத்தியாரும் உண்டு.

எங்க வீட்டுலயும் ஒருத்தி, என் பேத்தி, ஆசுபத்திரியில நர்சா இருக்கா. அவ வாயைக் கிண்டித்தான் நான் இதெல்லாம் தெரிஞ்சு வச்சுருக்கேன். வாரத்துக்கு ஒண்ணு போடுத ஊசியைப் பத்திக் கேட்டேன். செமாக்ளூடைடாம். 2024-ல வந்த ஆராய்ச்சியில, முட்டு தேஞ்சு உடம்பு பருத்தவுகளுக்கு 68 வாரம் குடுத்துப் பாத்துருக்காவ. 100-க்கு ஏறக்குறைய 14 பங்கு எடை குறைஞ்சுருக்கு. சும்மா ஊசி போட்டவுகளுக்கு 3 பங்குதான். வலியும் நல்லாவே குறைஞ்சுருக்கு. அதனால ஊசியைப் பாத்து நான் சிரிக்க மாட்டேன். ஆனா குமட்டல் வரும், செலவு வரும், சதை கரையாமப் பாக்கணும். உங்கம்மா அதைப் போட்டுக்கிட்டான்னா மயக்க மருந்து குடுக்க டாக்டருகிட்ட மறைக்கக்கூடாது, வயிறு காலியாகதை அது மெதுவாக்கும். பக்கத்து வீட்டுக்காரி போட்டான்னு நீயும் வாங்கிக் குத்திராத, அம்புட்டுத்தான்.

கடைசியா அந்த 10 கிலோ. அது எங்கேருந்து வந்துதுன்னு டாக்டருகிட்டக் கேட்டியா? கேட்டிருக்க மாட்ட, தலையை ஆட்டிட்டு வந்துருப்ப. எடையை உயரத்தால ரெண்டு தடவை வகுத்து ஒரு எண்ணு எடுக்காவல்லா, பிஎம்ஐன்னு, அந்தக் கணக்குக்கு மூலம் கெட்லேன்னு ஒரு பெல்ஜியத்துக்காரரு. வானத்துல நட்சத்திரம் பாத்த ஆளு, வைத்தியரு இல்ல. அந்த எண்ணு 40-ஐத் தாண்டுனா முட்டு மாத்த மாட்டோம்னு பல இடத்துல ஒரு கோடு போட்டு வச்சுருக்காவ. அஞ்சடி உயரத்துக்கு அது 93 கிலோ. கோடு சும்மா போடல. எடை கூடுனா சீழ் பிடிக்கவும் புண்ணு ஆறாம நிக்கவும் வாய்ப்பு கூடுது. ஆனா அமெரிக்காவுல மூட்டு டாக்டர்மாரு சங்கங்க 2023-ல கூடி, வெறும் எடை எண்ணுக்காக மட்டும் ஆப்பரேசனைத் தள்ளிப்போட வேண்டாம்னுதான் யோசனை சொல்லிருக்காவ. சர்க்கரை கட்டுல இல்லன்னா தள்ளிப் போடலாம், புகையிலையைக் குறைக்கத் தள்ளலாம்னும் சேத்துச் சொல்லிருக்காவ. ஏன்னா காத்திருக்கதும் சும்மா இல்ல, நடக்காம நடக்காம சதை போகுது, முட்டு இறுகுது.

நான் டாக்டரு பேச்சைத் தூக்கிப் போடச் சொல்லல. போயி உக்காந்து கேளுங்கேன். 'ஐயா, எடைக்காகவா, சர்க்கரைக்காகவா? மூணு மாசச் சர்க்கரை எம்புட்டு இருக்கணும்? அஞ்சு கிலோ குறைச்சுட்டு நின்னுபோனா என்ன செய்வீங்க? வலிக்குன்னு முட்டுக்குள்ள ஊசி போட்டா எத்தனை மாசம் கழிச்சு ஆப்பரேசன்?' அந்த ஊசிக்கும் ஆப்பரேசனுக்கும் மூணு மாசமாவது இடைவெளி வைக்காவ, சீழ் பிடிக்கும்னு. கேட்டா டாக்டரு கோவிச்சுக்கிடுவாரோ? உன் பைக்குக்குச் செயின் மாத்தயில மெக்கானிக்கை நூறு கேள்வி கேக்க.

'ஆப்பரேசன் முடிஞ்சா நடந்துருவாங்க, எடை தானா இறங்கும்'னு உன் மாமன் சொன்னானாம்லா. அப்படி இறங்குனவுக கம்மி. பழைய வாய்தான, புது முட்டுதான? அதனால இப்பத் தொடங்குன அடுப்படி வேலை அப்பவும் உனக்கு உண்டு. ஆப்பரேசன் ஆன அன்னைக்கோ மறுநாளோ எந்திரிச்சு நிக்கச் சொல்லுவாவ. வலியில உன்னைத்தான் திட்டுவா, பரம்பரையை இழுத்துத் திட்டுவா, வாங்கிக்கோ. ஒரு மாசமாவது பக்கத்துல ஆளு வேணும். உன் ஆபீசுல லீவு இப்பவே எழுதிக் குடு. பொண்டாட்டி தலையில கட்டிட்டு ஓடிராத.