கேட்டு வாங்காத பேய்ப்பல்

அழகைத் துறந்து பேயுருவை வேண்டிப் பெற்றவர் காரைக்கால் அம்மையார். அவர் கேட்டு வாங்கினார். நம்மவர்கள் கேட்காமலே பாதி தூரம் வந்துவிட்டார்கள். கன்னத்தில் ஒதுக்கிய புகையிலை, மணிக்கொரு டீ, வலித்தால் கிராம்புத் தைலம். டாக்டரைத் தேடுவது முகம் வீங்கி அடையாளம் மாறிய பிறகுதான். ஆனியில் காரைக்காலில் அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா. மாடியிலிருந்து இறைக்கும் பழத்தைப் பேரன் தாவிப் பிடிப்பான். கடிக்கத் தாத்தாவுக்குப் பல் இருக்காது.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739-இல். அதற்கு 11 ஆண்டு முன்பே பாரிஸில் பியேர் ஃபோஷார் பல் மருத்துவத்துக்கென்று பெரிய நூலே வெளியிட்டுவிட்டார். பல்லில் புழு என்பதை அவர் ஏற்கவில்லை. சர்க்கரையைத்தான் குற்றம் சொன்னார். (சொந்தச் சிறுநீரால் வாய் கொப்பளிக்கவும் சொன்னார். அந்த யோசனை கப்பலேறாதது ஊர் செய்த புண்ணியம்.)

1954-இல் பிரெஞ்சுக்காரர் போனார்கள். பல்லுப்புழு போகவில்லை, கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகைபிடித்து அதை விரட்டுவோர் இன்றும் உண்டு.

புகையை விடுங்கள். ஃபுளோரைடு பேஸ்டால் இரவிலும் ஒருமுறை துலக்குங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசிமணி அளவு போதும். தாத்தா பல்செட்டைக் கழற்றிவைத்துத் தூங்கட்டும்.